ஒரு நெசவுப் பாவைப் பின்தொடர்ந்து நெசவூரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

கைத்தறி ஓடிய ஊரில் விசைத்தறி வந்தபின் என்னென்ன மாறின என்று எழுத விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தறிகளை எண்ணுவதில் தொடங்குகிறார்கள். அந்த எண்ணிக்கை தேவைதான். ஆனால் தறி என்பது நெசவின் கடைசிக் கட்டம் மட்டுமே. நூல் சிட்டமாக, அதாவது நூற்கட்டாக, ஊருக்குள் வந்து துணியாக வெளியேறும்வரை எத்தனையோ கைகளைக் கடந்து செல்கிறது. இயந்திரம் அந்தக் கைகளில் எவற்றை விலக்கியது, எவற்றை வேறு வேலைக்கு அனுப்பியது, எவற்றை அப்படியே விட்டுவைத்தது என்பதுதான் ஊரின் கதை. ஆகவே தறியை எண்ணுவதற்கு முன்பு ஒரே ஒரு பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதியை, தேர்ந்துகொண்டு, அது அன்று போன வழியையும் இன்று போகும் வழியையும் நடந்து பார்த்து எழுதுங்கள் என்பதே என் முறை. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், சொந்த ஊரின் வரலாற்றில் அக்கறை கொண்டவர்கள் ஆகிய யாரும் பெரிய செலவின்றி இதைச் செய்யலாம்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காவிரிக் கரையில் ஒரு நல்ல இணை இருக்கிறது. மேற்குக் கரையில் ஈரோடு மாவட்டத்துப் பவானி, கிழக்குக் கரையில் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம். நடுவே ஆறும் பாலமும் மட்டுமே. பவானியின் பெயர் இன்றும் கைத்தறி ஜமக்காளத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்த ஜமக்காளம் 2005-06-இல் புவிசார் குறியீடும் பெற்றது. குமாரபாளையமோ லுங்கியும் துண்டும் நெய்யும் விசைத்தறி ஊராக அறியப்படுகிறது. ஒரே தண்ணீரும் ஒரே சந்தையும் உள்ள இரு ஊர்கள் இப்படிப் பிரிந்து நிற்கும்போது, இயந்திரம் வந்ததற்கு ஊர் மக்களின் குணத்தையோ சோம்பலையோ காரணம் காட்டும் பழக்கம் தானாகவே விழுந்துவிடும். எந்தத் துணி, எந்தச் சந்தை, யாருடைய முதலீடு என்ற கேள்விகளுக்கு நீங்கள் போயாக வேண்டியிருக்கும்.

இயந்திரம் எப்போது வந்தது என்று கேட்பதற்கு முன்

"விசைத்தறி எந்த ஆண்டு வந்தது?" என்று பெரியவர்களிடம் கேட்டால் ஓர் ஆண்டைச் சொல்வார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். இயந்திரம் ஊருக்குள் முதலில் வந்தது தறியாக அல்ல, நூலாக என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். கையால் நூற்ற நூலை ஆலை நூல் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெருமளவில் விலக்கிவிட்டது. கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888-இல் எழுந்தது. நாம் "பாரம்பரியக் கைத்தறி" என்று சொல்வது பல தலைமுறைகளாகவே ஆலை நூலை நம்பி நிற்கும் தொழில். பவானி ஜமக்காளமே இதற்குச் சான்று. ஆங்கிலேய ஆலைத் துணிகளின் போட்டியைச் சமாளிக்க, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜங்கமர் என்னும் நெசவாளர் சமூகத்தினர் தடித்த வண்ண நூலில் நெய்யத் தொடங்கிய விரிப்பு அது. இயந்திரத்துக்கு எதிரே வைத்துப் பார்க்கப்படும் கைத்தொழில் இயந்திரத்துக்கு விடையாகவே பிறந்தது என்பதை ஊர்க்காரர்களிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய நினைவு வேறொரு கதவைத் திறக்கும்.

அடுத்து நாடா, அதாவது ஊடை நூலைப் பாவின் குறுக்கே கொண்டுபோகும் கருவி. ஜான் கே என்பவர் 1733-இல் இங்கிலாந்தில் உருவாக்கிய விசைநாடா, கயிற்றை இழுத்தால் தானே பாவுக்குள் ஓடும் அமைப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்றை நடத்திய ஆல்ஃப்ரட் சாட்டர்டன் அதைப் பரப்பப் பாடுபட்டார். ஆனால் வீட்டை விட்டு நெசவுச்சாலைக்கு வந்து மணிக்கணக்கில் உட்காரும் முறையை நெசவாளர்கள் விரும்பவில்லை. கருவியை ஏற்றுக்கொண்டு கூடத்தை மறுத்த அந்த வேறுபாட்டை உங்கள் ஊரிலும் தேடுங்கள்.

மூன்றாவதாக மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-இலும் மின்சாரம் தரத் தொடங்கின. ஆனால் ஊருக்குக் கம்பி வந்த ஆண்டும் தறிக்கு மோட்டார் பூட்டிய ஆண்டும் ஒன்றல்ல. இடைப்பட்ட காலத்தில் யார் காத்திருந்தார்கள், யாருக்குக் கடன் கிடைத்தது என்று கேளுங்கள். ஜவுளித் தொழிலை ஆராய்ந்து 1954-இல் அறிக்கை அளித்த அரசின் கானுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. எனவே இந்த மாற்றத்தைத் தனிமனிதர்களின் ஆசை என்று மட்டும் எழுதிவிட முடியாது.

பாவடியில் நின்று தொடங்குங்கள்

சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளின் பழைய நெசவூர்களில் "பாவடி" என்ற பெயரில் ஒரு திடலோ தெருவோ இருக்கும். சேலம் அம்மாப்பேட்டையில் பள்ளியின் பெயரிலேயே அந்தச் சொல் நிற்கிறது. பாவை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டு ஆற்றிய இடம் அது. உங்கள் ஆய்வின் முதல் நாளை அங்கே செலவிடுங்கள். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபமோ வண்டி நிறுத்தமோ இருக்கலாம். அதன் நீள அகலத்தைக் காலடியால் அளந்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை அந்த இடத்திலேயே நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது வராத நினைவு, அந்த மண்ணில் நின்றதும் கையோடு சேர்ந்து வரும்.

அவர் சொல்லப்போவது பெரும்பாலும் இப்படி இருக்கும். வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறியும் என்பதால், விடியலுக்கு முன்பே பாவைத் தெருவில் கொண்டுவந்து விரிப்பார்கள். கவட்டுக் கால்களின் மேல் பாவு நிற்கும். இரு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சியைத் தடவி, நீண்ட பிரஷால் ஒரே சீராக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அறுந்த இழைகளை ஒருவர் தேடிப் பிடித்து முடிந்துகொண்டே வருவார். ஒரு குடும்பத்து ஆட்களால் மட்டும் இதைச் செய்து முடிக்க முடியாது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ என்ற முறையில்தான் தெரு இயங்கியது. மழை வந்தால் எல்லோருக்கும் வேலை நின்றது.

இனி அதே பாவை இன்று பின்தொடருங்கள். கோன்களில் வந்த நூல், சைசிங் ஆலையில் கஞ்சி ஏறி, பீம் என்னும் பெரிய உருளையில் சுற்றப்பட்டு, சிறு வண்டியில் தறிப்பட்டறையின் வாசலில் இறங்குகிறது. பாவடியில் விடியற்காலையில் பல பேர் செய்த வேலையை இப்போது ஊருக்கு வெளியே ஓர் இயந்திரம் செய்கிறது. வேலை குறைந்தது உண்மை. உடல் வலி குறைந்ததும் உண்மை. அதைச் சொல்லத் தயங்காதீர்கள். அதே சமயம், ஒருவருக்கொருவர் கடன்பட்டிருந்த அந்த முறைமாற்று உழைப்பு எங்கே போனது என்பதையும் கேளுங்கள். திருமணத்துக்கும் சாவுக்கும் இன்று யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற கேள்வியிலிருந்து அதற்கு விடை கிடைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாவின் வழியில் இயந்திரம் மிகத் தாமதமாகவே தொட்ட ஓர் இடம் உண்டு. பழைய பாவு முடிந்து புதுப் பாவு வரும்போது, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய முனையோடு பிணைக்க வேண்டும். ஒரு பட்டறையில் அதைச் செய்துகொண்டிருந்த ஓர் அம்மாவின் அருகே ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். இடக்கையில் இரண்டு இழைகளை ஒன்றுசேர்த்துப் பிடிப்பார். வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தட்டில் இருந்த சாம்பலை ஒரு தொடு தொட்டு, இழைகளை ஒரு முறுக்கு முறுக்கி மடக்கிவிடும். அதற்குள் இடக்கை அடுத்த இழையை எடுத்திருக்கும். கண் அந்த இழைகளில் இல்லை, என்னோடு பேசிக்கொண்டிருந்தது. சாம்பல் பட்டுப் பட்டு அவருடைய விரல்நுனிகளில் ரேகை தேய்ந்திருந்தது. விசைத்தறியின் வேகத்தைப் பற்றி எழுதும்போது, அந்த வேகம் புறப்படுவதற்கு முன் இப்படி ஒருவர் கையால் பிணைத்து முடிக்கும்வரை நான்கு தறிகள் காத்திருந்தன என்பதையும் எழுதுங்கள்.

வீட்டின் தரையையும் காதையும் கவனியுங்கள்

குழித்தறி வீட்டின் முன்னறையில் இருந்தது. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்துக்கொண்டே, வாசலில் போகிறவரோடு பேசவும் தூளியை ஆட்டவும் முடிந்தது. விசைத்தறி வந்தபோது குழியை மூடினார்கள். பழைய வீடுகளில் முன்னறைத் தரையைக் கூர்ந்து பாருங்கள். சதுரமாக நிறம் மாறிய சிமென்ட் பூச்சு ஒன்று தெரிந்தால், குழி எந்த ஆண்டு மூடப்பட்டது, மூடிய அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத தேதி அங்கே கிடைக்கும்.

ஒலி அடுத்தது. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடாவை அடித்து விரட்டுகிறது. பல தறிகள் ஓடும் பட்டறைக்குள் ஒலி 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அதில் இருபது முப்பது ஆண்டுகள் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும். வீட்டிலும் உரக்கப் பேசுவார்கள். பட்டறைக்குள் உதட்டசைவைப் பார்த்தே ஒருவர் சொல்வதை மற்றவர் புரிந்துகொள்வார்கள். ஆகவே தறி ஓடும்போது பேட்டி எடுக்க முயலாதீர்கள். விடுமுறை நாளில் வீட்டுக்குப் போங்கள், எதிரே உட்கார்ந்து முகம் தெரியும்படி மெதுவாகக் கேளுங்கள். பட்டறையின் ஒலியை மட்டும் தனியாக ஐந்து நிமிடம் பதிவுசெய்து வையுங்கள்; நாடா இல்லாத தறிகள் பெருகி வருவதால் இந்த ஒலியும் ஒருநாள் கிடைக்காமல் போகும். அதே வகையில் கவனிக்க வேண்டிய இன்னொரு வழக்கம், நாடாவின் கண்ணில் நூல்முனையை வாயால் உறிஞ்சி இழுப்பது. அதைச் செய்பவரிடம் பஞ்சுத் தூசியையும் இருமலையும் பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

கூலியை எப்படிக் கேட்பது

இந்த வேலையில் மிகவும் தவறாகச் செய்யப்படுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். "நாள் கூலி எவ்வளவு?" என்று கைத்தறி நெசவாளரைக் கேட்டால் அவரால் சரியாகச் சொல்ல முடியாது, ஏனெனில் அவருக்கு நாள் கூலி என்று ஒன்று இல்லை. பாவு ஒன்று நெய்து இறங்க எத்தனை நாள், இறங்கினால் கையில் எவ்வளவு, அந்த நாட்களில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றியது யார், சிட்டத்தை ராட்டையில் இழைத்தது யார், பிணைத்தது யார், அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று வரிசையாகக் கேளுங்கள். தார் சுற்றிய மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் தனியாக எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் வெளிவரும். கைத்தறிக் கூலி என்பது ஒரு பெயரில் வழங்கப்பட்ட குடும்பக் கூலி. விசைத்தறிப் பட்டறையில் பெண்கள் தங்கள் பெயரிலேயே கூலி வாங்கும்போது, அதை இழப்பு என்று மட்டும் எழுதுவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. அந்தக் கூலி ஆணின் கூலிக்குச் சமமா, இரவு ஷிப்ட் முடித்து வந்தபின் சமையல் யாருடையது என்று கேட்காமல் அதை விடுதலை என்று எழுதுவதும் அப்படித்தான்.

நாடு முழுவதுக்குமான எண்களை இங்கே கவனமாகக் கையாளுங்கள். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த நெசவாளர், துணைத்தொழிலாளர் தொகை 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தது. நெசவாளர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனால் வீட்டுத் தேவைக்கு நெய்யும் வடகிழக்கு மாநிலப் பெண்களின் பெருந்தொகை அதில் அடங்கியிருப்பதால், அந்த விகிதத்தைக் காவிரிக்கரை ஊருக்கு அப்படியே பொருத்தினால் படம் தவறிவிடும்.

அடுத்து, தறி யாருடையது என்று கேளுங்கள். விசைத்தறி வைத்திருப்பவர் எல்லோரும் முதலாளி அல்லர். சோமனூர், பல்லடம் பகுதிகளைப் போல, ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுக்க, தறி உரிமையாளர் கூலிக்கு நெய்து கொடுக்கும் முறையும் பரவலாக இருக்கிறது. கூலி உயர்வுக்காகத் தறி உரிமையாளர்களே வேலைநிறுத்தம் செய்வது அதனால்தான். அவருக்குக் கீழே தறி ஓட்டும் தொழிலாளி இருக்கிறார். இருவரும் "எனக்குக் கூலி கட்டவில்லை" என்ற ஒரே சொல்லைச் சொல்வார்கள். யாரிடமிருந்து வரவேண்டிய கூலி என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளாவிட்டால் உங்கள் குறிப்பேடு பின்னால் குழப்பிவிடும்.

முன்பணம் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், வரும்வரை அவசரப்படுத்தாதீர்கள். கைத்தறிக் காலத்திலும் முன்பணம் இருந்தது. பட்டறைக்கு ஆள் பிடிக்க அது பெருந்தொகையாக வளர்ந்தபோது, கடன் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாத நிலை பல குடும்பங்களுக்கு வந்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய பிணைப்பைத் தடைசெய்திருக்கிறது. ஆகவே இதைப் பேசுகிறவர் தம்மைத் தாமே ஆபத்தில் வைத்துப் பேசுகிறார் என்பதை உணருங்கள். நான் தொடக்க காலத்தில் ஒரு தொழிலாளி சொன்னதைப் பெயர் மாற்றி, தெருப் பெயரையும் தறிகளின் எண்ணிக்கையையும் மாற்றாமல் எழுதினேன். பட்டறைக்காரருக்கு ஆளைக் கண்டுபிடிக்க அது போதுமானதாக இருந்தது. அடுத்த மாதமே முழுக் கடனையும் கட்டச் சொல்லி அந்தக் குடும்பத்தை நெருக்கினார்கள். அந்தக் குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து முன்பணம் பற்றிய எந்தக் கூற்றிலும் ஊர்ப் பெயரைத் தவிர வேறு எந்த அடையாளத்தையும் நான் எழுதுவதில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

எழுத்தில் உள்ளவை

பேச்சில் கிடைத்ததைத் தாள்களோடு ஒத்துப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ்புத்தகம், கூலிச் சிட்டை, சைசிங் ரசீது, மின்கட்டண அட்டை ஆகியவை பல வீடுகளில் பெட்டிக்கு அடியில் கிடக்கும். மின்கட்டண அட்டை சிறந்த சான்று. தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு விசைத்தறிக்கு 750 யூனிட்டும் கைத்தறிக்கு 200 யூனிட்டுமாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் முறையே 1000, 300 யூனிட்டுகளாக உயர்த்தப்பட்டது. பட்டறையில் ஓர் இணைப்புக்குப் பதில் இரண்டு, ஓர் உரிமையாளருக்குப் பதில் இரண்டு பெயர்கள் ஏன் என்று கேட்டால், சலுகைகளும் சட்டங்களும் கட்டடத்தின் அமைப்பையே எப்படித் தீர்மானித்தன என்று புரியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் பொருந்தியது. பட்டறைகள் சிறிது சிறிதாகப் பிரிந்து நிற்பதை இந்த எண்ணோடு சேர்த்து யோசியுங்கள்.

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது; பின்னர் அது 11 ஆகச் சுருங்கியது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜமக்காளம் அந்த 11 வகைகளுள் ஒன்று. இருந்தும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் விசைத்தறிகளில் நெய்த மலிவான விரிப்புகள் சந்தைக்கு வருகின்றன என்பது பவானி நெசவாளர்களின் நெடுநாள் குறை. சட்டத்தில் இருப்பதையும் கடையில் இருப்பதையும் தனித்தனியே எழுதுங்கள். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்காகக் கைத்தறி, விசைத்தறிச் சங்கங்கள் நெய்யும் மாதங்கள் எவை, அந்த ஆர்டர் தாமதமானால் ஊரில் எந்தக் கடை முதலில் வெறிச்சோடுகிறது என்று விசாரியுங்கள்.

சாயத்தைப் பற்றி ஆற்றங்கரையில் நின்று கேட்பதே முறை. வீட்டுத் தொட்டியில் சிட்டத்தை நனைத்த காலத்தின் கழிவுக்கும், விசைத்தறியின் பசிக்கு ஈடுகொடுக்கச் சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தின் கழிவுக்கும் அளவில் பெரும் வேறுபாடு உண்டு. திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டு, 2011-இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. உங்கள் ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீரை எந்த ஆண்டு குடிப்பதை நிறுத்தினார்கள் என்று கிணறு கிணறாகக் குறித்து, பாவடி வரைபடத்திலேயே புள்ளி வையுங்கள்.

எழுதி முடித்தபின்

சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். புஞ்சம், அச்சு, விழுது, படமரம், தார், ஊடை ஆகியவற்றுக்கு நீங்களாக ஒரு பொருள் எழுதாமல், பொருளைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லிப் படமெடுத்து, அதன் கீழே சொல்லை எழுதுங்கள். விசைத்தறிக்காரர்களின் பிக், பீம், பாபின், டாபி ஆகியவையும் அந்த ஊரின் தமிழ்தான். அவற்றை நீக்கிவிட்டுத் தூய சொல் போட்டால் அந்தத் தொழிலில் இருப்பவரே தம் வேலையை அடையாளம் காணமாட்டார். ஒலிப்பதிவுகளின் படியொன்றைப் பேசியவரின் வீட்டிலும், அவர் இசைந்தால் மட்டும் இன்னொன்றை ஊர் நூலகத்திலும் வையுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்பு, பேசியவர்களைத் திண்ணையில் கூட்டி முழுவதையும் உரக்க வாசியுங்கள். பாவு பிணைக்கும் அந்த அம்மாவிடம் நான் அப்படி வாசித்தபோது, அவர் தம்முடைய கதையில் எதையும் திருத்தவில்லை. பாவு இழைகளை எண்ணும் அளவான புஞ்சம் ஒன்றுக்கு எத்தனை இழை என்று நான் எழுதியிருந்த எண்ணை மட்டும் தவறு என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு பாவின் முனையை எடுத்து வந்து, என் முன்னால் இழை இழையாக எண்ணிக் காட்டினார்.